வாரேன் என்றால் வந்தாக வேண்டிய ஊர்

நடந்தது என்றால் நீங்கள் நம்பப்போவதில்லை, நடக்கவில்லை என்றால் செண்பகவல்லி இனிமேல் என் முகத்தில் விழிக்கப்போவதில்லை. நான் நடுவில் நின்று சொல்லிவிடுகிறேன், பிடித்தமாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி செண்பகவல்லியும், மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பமும் கம்பியுமாகக் காலம் தள்ளி ஓய்வுபெற்ற அவள் வீட்டுக்காரர் பால்வண்ணனும், நகோயாவில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரே மகள் கோமதியைப் பார்க்க ஜப்பானுக்குப் போனார்கள். ஒன்பது நாள் கோயில், கோட்டை, மான், மூங்கில் என்று சுற்றிவிட்டு, பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், நகாசே என்கிற சின்ன ஊரில் போய் இறங்கினார்கள். கூட்டம் இருக்காது, ஆற்றோரமாக நடக்கலாம், வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாம், சாயங்காலம் நீங்கள் ஏர்போர்ட் பக்கம் ரயில் ஏறுங்கள், நான் எதிர்ப்பக்கம் நகோயாவுக்கு ஏறிக்கொள்கிறேன் என்று கோமதிதான் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள்.

செண்பகவல்லி ஜப்பானுக்கு வந்தது மான் பார்க்க இல்லை. திங்கட்கிழமை காலையில் கோமதி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் வேலை நிரந்தரம், ஆளும் அங்கேயே நிரந்தரம். போடவிடாமல் மகளைக் கையோடு கூட்டிப்போகவேண்டும், முடியாவிட்டால் எப்போது வருவாள் என்று ஒரு வார்த்தையாவது வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டு வந்தவள், ஒன்பது நாளாக அந்தப் பேச்சை எடுக்கத் தைரியம் வராமல், சோற்றில் உப்பில்லை, கட்டிலுக்குக் கால் இல்லை, கக்கூஸில் பட்டன் ஜாஸ்தி என்று வேறு எதையெதையோ சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

அவள் மனசில் தைத்திருந்த முள் மூன்று வருஷத்து முள். தூத்துக்குடி விமான நிலைய வாசலில் கோமதி அன்றைக்கு "போறேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. தெருமுனைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகிறவர்கூட வாரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிற வீட்டில் பிறந்தவள், கடல் தாண்டிப் போகும்போது போறேன் என்றாள், போனவள் போனவள்தான். மூன்று பொங்கல் போயிற்று, மூன்று தீபாவளி போயிற்று. லீவு, வேலை, பரீட்சை என்று அவள் போனில் ஆயிரம் சொன்னாலும், செண்பகவல்லிக்குக் காரணம் தெரியும். அந்த ஒரு வார்த்தைதான்.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் கடையே உதோன் கடை, அதாவது சுண்டுவிரல் தடிமனில் கோதுமை நூடுல்ஸைக் குழம்பில் போட்டுக் கொடுக்கிற கடை. கடைக்காரி ஹனாயேக்கு எழுபது வயசு இருக்கும், கன்னம் மட்டும் பளபளவென்று இருந்தது. கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் வந்த ஆவியை மூக்கால் இழுத்த செண்பகவல்லிக்குப் பத்து நாளில் முதல் தடவையாக முகம் மலர்ந்தது.

"ஏட்டி கோமு, இது நம்ம மாசிக்கருவாடுல்லா! தூத்துக்குடி மார்க்கெட்டுல கட்டை மாதிரி கிடக்குமே, அதேதான். இதைப் போட்டா இவ்வளவு நேரம் பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க?"

கோமதி மொழிபெயர்த்ததும் ஹனாயே உள்ளே ஓடிப்போய் அந்தக் கருவாட்டுக் கட்டையை எடுத்துவந்து காட்டினாள், செண்பகவல்லி அதை முகர்ந்து, தட்டி, ஆமாம் என்று தலையாட்டினாள், அதற்குப்பிறகு இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கு பஜ்ஜி வந்தது. பால்வண்ணன் நாலு தின்றார். பையிலிருந்து ஒரு பாக்கெட் கடலைமிட்டாயை எடுத்து ஹனாயே கையில் திணித்துவிட்டு, வாசல் வரை வந்த அவளிடம் செண்பகவல்லி, பிறந்ததிலிருந்து சொல்லிவந்த வழக்கப்படி, "அப்ப வாரேன்க்கா" என்றாள்.

தெருவோடு போய், இடதுபக்கம் திரும்பி, மரப்பாலத்தைத் தாண்டினால் கோயில் என்று கோமதியின் போன் சொன்னது. தெருவோடு போனார்கள், இடதுபக்கம் திரும்பினார்கள், பாலத்தைத் தாண்டினார்கள், உதோன் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஹனாயே கதவைத் திறந்து வைத்திருந்தாள். மூன்று அரைக் கிண்ணங்கள் மேஜைமேல் தயாராக ஆவி பறந்துகொண்டிருந்தன.

"வழியை விட்டுட்டியா?" என்று பால்வண்ணன் மகளைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார், அவருக்கு என்ன. சாப்பிட்டு முடித்து "வாரேம்மா" என்று எழுந்தார். இந்தத் தடவை வலதுபக்கம் போனார்கள், பாலத்தின் பக்கமே போகவில்லை, அப்படியும் தெரு வளைந்து நெளிந்து கொண்டுவந்து அதே வாசலில் விட்டது. அங்கே கால் கிண்ணம் காத்திருந்தது.

அப்போதுதான் ஹனாயே கோமதியை உட்காரவைத்து விவரம் கேட்டாள். உன் அம்மா போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போகிறாள்? வருகிறேன் என்கிறாள். எப்போது வருகிறேன் என்கிறாள்? எப்போது என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள், சும்மா வாரேன் என்பார்கள். ஹனாயே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள், விஷயம் தெரிந்ததும் அவர்களும் சிரித்தார்கள், அஞ்சல்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

விஷயம் இதுதான். நகாசேயில் யார் வருகிறேன் என்று சொன்னாலும் ஊர் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிடும். எத்தனை தலைமுறையாக என்று யாருக்கும் தெரியாது, ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை; மழைக்குக் குடை வைத்துக்கொள்கிற மாதிரி அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டார்கள். ஜப்பான் முழுக்க வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் "இத்தெகிமாஸ்", அதாவது போய் வருகிறேன் என்பார்கள், வீட்டில் இருக்கிறவர்கள் "இத்தெராஷ்ஷாய்", போய் வாருங்கள் என்பார்கள். நகாசேக்காரர்கள் மட்டும் கூடவே நேரத்தையும் சொல்லிவிடுவார்கள்: ஐந்தரைக்கு வருகிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன், அறுவடை முடிந்து வருகிறேன். நேரம் சொல்லாமல் வாயைவிட்டால் ஊருக்கு என்ன தெரியும் பாவம், உடனே கூட்டிவந்துவிடும். அப்படித் திரும்பிவருகிறவர்களுக்கு அரைக் கிண்ணம், அடுத்த தடவைக்குக் கால் கிண்ணம் என்று கடைகளில் தனிப் பாத்திரமே உண்டு. பள்ளிக்கூடத்தில் எழுத்து கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து பை பை சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஜாதி உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தோமே, நீங்களுமா என்று ஹனாயே செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பால்வண்ணனுக்குத் திகைப்பு ஒன்றும் இல்லை. "நம்ம ஆபீஸ்லயும் இப்படி இருந்திருந்தா லைன்மேன் எல்லாம் ஒழுங்கா வந்து சேர்ந்திருப்பான்" என்றார். செண்பகவல்லி மண்டைக்குள்தான் பல்பு எரிந்துவிட்டது. இந்த ஊர் எல்லைக்குள்ளே, சாயங்காலத்துக்குள்ளே, கோமதியின் வாயால் "பொங்கலுக்குக் கோவில்பட்டிக்கு வாரேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லவைத்துவிட்டால் போதும். அப்புறம் கம்பெனியாவது காகிதமாவது. ஊர் பார்த்துக்கொள்ளும்.

இப்படியாக ஒரு குடும்பம் ஊர் சுற்றிப்பார்த்த கதை வேட்டையாடிய கதையாக மாறியது. பாசி படர்ந்த கோயில் தோட்டத்தைச் சுற்றும்போது, "பொங்கலுக்குப் பனங்கிழங்கு எத்தனை கட்டு வாங்கட்டும், சொல்லு" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கு எவ்வளவு வேணுமோ வாங்கும்மா" என்றாள் கோமதி. குளத்தில் முழங்கை நீளத்துக்குச் சிவப்பு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்துக்கொண்டு, "உன் சித்தி மக கல்யாணம் தையிலதான், நீ எந்தத் தேதிக்கு வருவே?" என்றாள். "பார்க்கலாம்மா." பார்க்கலாம் என்ற வார்த்தைக்கு எந்த ஊரிலும் எந்த சக்தியும் கிடையாது. ஐஸைச் சீவி மேலே பச்சைத் தேயிலைப் பாகை ஊற்றிக் கொடுக்கிற கடையில், "சித்திக்கு ஒரு போன் போட்டு, வாரேன் சித்தின்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லேன், பெரியமனுஷி சந்தோஷப்படுவா" என்றாள். கோமதி ஐஸ் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தாய் எட்டடி பாய்ந்தால் பதினாறு அடி பாய்கிறவள் இல்லை, அசையாமல் உட்கார்ந்தே தப்பித்துவிடுகிறவள்.

நடுவில் பால்வண்ணன் வேறு. தெருவில் வயர் போயிருக்கிற ஒழுங்கைப் பார்த்து மயங்கி, ஒரு டிரான்ஸ்பார்மருக்கு வாரேன் சொல்லிவிட்டார், கால்மணி நேரம் அதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பச்சரிசி மாவு உருண்டையைக் குச்சியில் குத்திச் சுட்டுக் கொடுத்த கடையில் வாரேன் சொல்லி, இரண்டு தடவை திரும்பிவந்து, இரண்டு தடவையும் சாப்பிட்டார். மறந்து சொன்னாரா ருசிக்குச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. மூன்று மணிக்கு உதோன் கடை வழியாகப் போகும்போது ஹனாயேவைப் பார்த்துக் கையாட்டி "வாரேம்மா" என்றவர், பத்தடி போனதும் குடும்பத்தோடு உள்ளே வந்து சேர்ந்தார்.

"நீங்க வாயைத் தச்சுக்கிட்டுத்தான் வெளிய வரணும்" என்று செண்பகவல்லி அவரைக் கடிந்துகொண்டு உட்கார்ந்தாள். கால் வலி வேறு.

ஹனாயே தேநீர் கொண்டுவந்தாள். கடையின் பின்பக்கத்தில் ஒரு கிழவர் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பழைய தோல்பெட்டி, தூசு துடைத்து, வார் கட்டி, கிளம்பத் தயாராக நின்றது. இது யார் பெட்டி என்று செண்பகவல்லி ஜாடையில் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர்தான்" என்று ஹனாயே கோமதி வழியாகச் சொன்னாள். "தொகுஜி. ஓடிப்போகிறதற்கு வைத்திருக்கிறார்."

இருபத்தேழு வயசில் ஒசாகாவுக்கு ஓடிப்போய்ப் பாட்டுக்காரன் ஆகவேண்டும் என்று தொகுஜிக்கு ஆசை. விடிந்ததும் பெட்டியோடு நழுவுவார். அடுப்பங்கரையிலிருந்து ஹனாயே பழக்கத்தில் "போய் வாருங்கள்" என்று குரல் கொடுப்பாள். அதைக் கேட்டதும், சின்ன வயசிலிருந்து பழகிய வாய், அவரைக் கேட்காமலே, "சாயங்காலம் வருகிறேன்" என்று பதில் சொல்லிவிடும். அவ்வளவுதான். ரயில் ஏறுவார், தூங்கி விழிப்பார், சாயங்காலம் கடைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். நாற்பத்தோரு வருஷமாக மனுஷன் தினம் ஓடிப்போய்க்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையில் கூட்டம் என்பதால் ஓடுவதில்லை.

பால்வண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தொகுஜியும் முள்ளங்கியிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். செண்பகவல்லிக்குப் பொறாமையாக இருந்தது. "நீங்க குடுத்துவச்சவங்கக்கா" என்றாள். "ஒரு வார்த்தையில ஆளைக் கட்டிப் போட்டுட்டீங்களே."

கோமதி அதை மொழிபெயர்த்தாள், ஹனாயே சொன்ன பதிலைக் கேட்டுவிட்டுத் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்லுதாங்க?"

"'தினம் வந்திர்றார். ஆனா நாற்பத்தோரு வருஷத்துல ஒரு நாளாவது அவரா வந்தாரா, அந்த வார்த்தை கூட்டிட்டு வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். உன் மக ஒருநாள் வந்தா, அவளா வந்ததுன்னு உனக்குத் தெரியும். அந்த பாக்கியம் எனக்கில்லை' அப்படிங்கிறாங்கம்மா."

செண்பகவல்லி தேநீரைக் குடித்தாள். கசந்தது. அங்கே எல்லாத் தேநீரும் கசக்கத்தான் செய்யும், ஆனால் இது கூடவே கசந்தது. அதற்குப்பிறகு ஆற்றோரம் நடக்கும்போது அவள் பனங்கிழங்கைப் பற்றியோ சித்தி மகளைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் கோமதிக்கு உறுத்தியது. "என்னம்மா, கால் வலிக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

நகாசே ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஜன்னல் உண்டு. ஊரில் யார் யாரிடம் வருகிறேன் சொல்லித் தொலைத்தார்களோ அதையெல்லாம் அங்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பால்வண்ணன் கணக்கு தீரப் பத்து நிமிஷம் ஆயிற்று. டிரான்ஸ்பார்மரைச் சொன்னபோது ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவை வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டு எழுதிக்கொண்டார். ரயில் ஏறும்போது யாரும் ஒன்றும் சொல்லவேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கள் என்று வெள்ளைக் கையுறை போட்ட கையைக் கூப்பிக் கேட்டுக்கொண்டார்.

ஏர்போர்ட் ரயில் முதலில் வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். பால்வண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மகள் தலையைத் தடவினார். செண்பகவல்லி கதவோரமாக நின்றாள். இதோ, பிளாட்பாரம் ஊர் எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. கோமதி எதிரேதான் நிற்கிறாள். கேட்டால் இந்த நிமிஷம் சொல்லிவிடுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா" என்று கோமதி தொடங்கினாள். "பொங்கலுக்கு நான்..."

செண்பகவல்லி எட்டி அவள் வாயைப் பொத்தினாள். "வேண்டாம். இங்க வச்சுச் சொல்லாத. உனக்கா தோணுச்சுன்னா வா, இல்லைன்னா உன் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். ஒன்பது நாளும் மூன்று வருஷமும் சேர்த்துவைத்த சாமர்த்தியமெல்லாம் அதோடு போயிற்று. மணி அடித்தது. கோமதி கண் கலங்காமல், நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்: "சரிம்மா. ரெண்டு பேரும் பார்த்துப் போயிட்டு வாங்க."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. போயிட்டு வாங்க என்பது வீட்டில் இருக்கிறவர்கள் சொல்கிற வார்த்தை. வாசலில் நின்று வழியனுப்புகிறவர்கள் சொல்வது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் அதைச் சொல்லிவந்தவள் அவள்தான், இன்றைக்கு மகள் சொல்கிறாள், அவள் விருந்தாளியாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அப்படியென்றால் மகள் வீடு இங்கேதான் என்று நினைக்கிறதற்குள், ஸ்டேஷன் மாஸ்டர் பதறிக் கையை ஆட்டுவதற்குள், அவள் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"வாரேன் தாயி."

கதவு மூடியது. ரயில் கிளம்பியது. பெட்டியில் இருந்த நகாசேக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் பையிலிருந்து ஆரஞ்சுப்பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள், ஒருவர் மூடிய புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது, இருட்டில் கொஞ்ச நேரம் ஓடியது, வெளிச்சத்துக்கு வந்தது, நகாசே நிலையத்தில் போய் நின்றது. கால அட்டவணையிலேயே அதற்கென்று ஏழு நிமிஷம் ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

செண்பகவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிளாட்பாரப் பெஞ்சில் கோமதி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து நின்றவள் இப்போது குனிந்து, அம்மா கட்டிக்கொடுத்த கடலைமிட்டாய்ப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆள் இருக்கிறார்களா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். இந்த அழுகை அந்த ரயில் நேராகப் போயிருந்தால் செண்பகவல்லிக்குத் தெரிந்தே இருக்காது.

கதவு திறந்ததும் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோமதி நிமிர்ந்து பார்த்து, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "சொல்லிட்டியாம்மா? அவர் தலையை மட்டும் ஆட்டச் சொன்னாருல்லா!" என்றாள்.

"வாயில வந்துட்டுது, என்ன செய்ய. ஏட்டி, தூத்துக்குடியிலயும் இப்படித்தான் அழுதியா?"

கோமதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வாரேன்னு சொல்ல வாயெடுத்தேன், அழுகை முட்டிக்கிட்டு வந்துது. அழுதா நீ போகவிட மாட்டே. அதான் போறேன்னுட்டு உள்ள ஓடிட்டேன்."

மூன்று வருஷத்து முள். செண்பகவல்லி மகள் கன்னத்தை வழித்துத் தன் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கதவருகில் நின்று பால்வண்ணன் வாயைத் திறக்காமல் கையாலேயே மணியைக் காட்டினார். ஏழு நிமிஷத்தில் இன்னும் ஒன்றரை நிமிஷம்தான் பாக்கி.

"நாளைக்குக் கையெழுத்தைப் போட்டுரு" என்றாள் செண்பகவல்லி.

"அம்மா!"

"போட்டுரு. நீ வரும்போது வா, அது உன் இஷ்டம். நான் வர்றதை நான் சொல்லிட்டுப் போறேன்." எழுந்து, ஏறி, கதவில் நின்று, ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கேட்கிற மாதிரி, கோமதி ஒரு எழுத்துக்கூடத் தப்பாகக் கேட்டுவிடாதபடி, உரக்கச் சொன்னாள்: "சித்திரை பத்தாம் தேதி வாரேன். வடகமும் மாவடுவும் கொண்டு வாரேன். ஒரு மாசம் இருப்பேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். கோமதி சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, "போயிட்டு வாம்மா" என்றாள். இந்தத் தடவை அந்த வார்த்தை குத்தவில்லை.

ரயில் சுரங்கத்தைத் தாண்டியது. வெளியே வந்ததும் செண்பகவல்லி அவசரமாக எட்டிப் பார்த்தாள். வயல்காடு. அடுத்த சுரங்கம் வந்தது, மறுபடி எட்டிப் பார்த்தாள். ஏதோ ஒரு தொழிற்சாலை. மூன்றாவது சுரங்கத்துக்கும் பார்த்தாள். கடல் தெரிந்தது, தூரத்தில் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, ரயில் வழி தவறாமல், ஒரு நிமிஷம்கூடப் பிந்தாமல், போகவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்னத்தைப் பார்க்கே?" என்றார் பால்வண்ணன்.

"ஒண்ணுமில்ல" என்று அவள், பக்கத்து அம்மாள் உரித்துக்கொடுத்த ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "இந்த ஊர்க்காரங்க எல்லாத்துலயும் இவ்வளவு கரெக்டா இருக்க வேண்டாம்."